கையெழுத்துப் போட்ட முட்டை

என் மகள் அடிபட்ட வண்டிகளைப் பார்க்கிறவள். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. நசுங்கிக் கிடக்கும் வண்டியை ஒரு தரம் சுற்றி வந்தால் போதும், ஓட்டியவன் அந்த நேரம் இருமினானா தும்மினானா என்பது வரை எழுதிவிடுவாள். அப்படிப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டிப் பிழைப்பது எளிதல்ல. நான் பதினொரு மாதம் பிழைத்தேன்.

என்னுடையது பிக்கப் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. வாரம் இரண்டு நாள் குன்றின் மேலே இருக்கிற வானிலை நிலையத்துக்குத் தண்ணீர் கேன், பேட்டரி, கம்பி, காகிதம் எல்லாம் ஏற்றிப் போவது என் வேலை. தார் ரோடு அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் வறண்ட ஆற்றுப்படுகையில் நாலு கிலோமீட்டர், பிறகு சரிவு. பாதை என்று ஒன்றும் கிடையாது. போன தடவை நான் போன தடம்தான் பாதை. மழை பெய்தால் அதுவும் கிடையாது.

முன்பு வைத்திருந்த வண்டியில் உயிர் காக்கும் கருவி என்றால் ஹாரன் ஒன்றுதான். புது வண்டியில் ஏர்பேக் இரண்டு. ஸ்டீயரிங்கில் ஒன்று, பக்கத்து இருக்கைக்கு முன்னால் டேஷ்போர்டில் ஒன்று. வண்டி வந்த அன்றைக்கே என் மகள் டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தாள், வைத்தியர் முதுகைத் தட்டுவது போல.

"அப்பா, இதை வெச்சுக்கிட்டு ஆத்துல இறங்கப் போறீங்களா?"

"பின்ன வண்டி எதுக்கு வாங்கினேன்? பூட்டி வெச்சு வேடிக்கை பார்க்கவா?"

"வயித்துல கல்லு அடிச்சா இந்தப் பை வெடிச்சாலும் வெடிக்கும். தெரியுமா?"

தெரியாது. அவள்தான் சொன்னாள். இரண்டு இருக்கைக்கும் நடுவில், அடியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருக்கிறதாம். அதுதான் பையை வெடிக்கச் சொல்கிற மூளை. அந்த மூளைக்குக் கண் கிடையாது. எதிரே வந்தது சுவரா, லாரியா, ஆற்றுக் கல்லா என்று பார்க்காது. வண்டி எவ்வளவு திடீரென்று நின்றது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சாதாரணக் குண்டு குழிக்கெல்லாம் அசையாது. ஆனால் வேகமாகப் போய் வண்டியின் வயிறு பாறை மேல் இறங்கினால், சில சமயம் சுவரில் மோதிவிட்டோம் என்று முடிவு கட்டிவிடும். நாம் ஒரு தரம் இமைப்பதற்குள் பை வெளியே வந்து, வேலையை முடித்து, சுருங்கியும் போயிருக்கும்.

"போன வருஷம் மட்டும் இப்படி மூணு வண்டி பார்த்தேன். ஒருத்தருக்கு மணிக்கட்டு போச்சு. ஒருத்தருக்கு மூக்குக் கண்ணாடி மூக்குக்குள்ளயே போச்சு. உங்க வயசுல விலா எலும்பு சுள்ளி மாதிரி இருக்கும்ப்பா."

"மூணாவது ஆளு?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு. வண்டி ஓட்டுறதில்ல."

சொல்லிவிட்டுச் சட்டம் போட்டாள். ஒரே ஒரு தடவை அந்தப் பை வெளியே வந்தால், சாவி அவள் கைக்கு வந்துவிட வேண்டும். அதன்பிறகு நான் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

பெரியப்பா என்றால் என் அண்ணன். எங்களோடுதான் இருக்கிறார். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். எழுபது வயதில் மகன் சாவியைக் கேட்டான், கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் இருக்கிறார். தெருமுனை திரும்பும் முன்பே சத்தத்தை வைத்து எத்தனாம் நம்பர் பேருந்து என்று சொல்வார். எஞ்சின் உறுமுவதைக் கேட்டு ஓட்டுநருக்கு அன்றைக்கு வீட்டில் சண்டையா இல்லையா என்றும் சொல்வார். பேருந்து மூன்றாவது கியர் போடத் தாமதித்தால் அவர் கை தானாக எழுந்து காற்றில் ஒரு கியர் போடும். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு பிரம்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதற்கு என் மனைவி தினமும் தூசி தட்டினாள். யாருக்காக என்று நான் கேட்டதில்லை.

ஆகவே மறுநாளே டமாரத்திடம் போனேன். டமாரம் எங்கள் பேட்டை மெக்கானிக். திருப்பிக் கழற்ற வேண்டியதை எல்லாம் தட்டியே கழற்றுவான் என்பதால் அந்தப் பெயர். அவன் பட்டறைச் சுவரில் சுத்தியல்கள் உயர வரிசையில் தொங்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்பது போல.

"இதுக்கா அண்ணே முகம் வாடிப் போச்சு? ஃபியூஸைப் புடுங்கிட்டா பை படுத்துத் தூங்கிடும். ரெண்டு நிமிஷ வேலை."

பிடுங்கினான். அன்று சாயங்காலமே என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். ஃபியூஸ் இல்லையென்றால் ஓட்டுநருக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கு எரியுமாம். நான் வாசலில் வண்டியைத் திருப்பும்போது அந்த விளக்கு என் மூக்குக் கண்ணாடியில் தெரிந்ததை மாடியிலிருந்தே பார்த்துவிட்டாள். ஃபியூஸைத் திரும்ப மாட்டவைத்தாள்.

"ரோட்டுல லாரி மேல மோதினா இது வெடிக்கணும். ஆத்துல வெடிக்கக் கூடாது. எனக்கு ரெண்டும் வேணும்."

"அப்போ நான் ஆத்துல எப்படி ஓட்டுறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? பை வெடிச்சப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். உள்ளே போய் ஒரு பச்சை முட்டையும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமும் கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் ஒட்டுகிற பட்டையைக் கிண்ணத்தின் அடியில் வைத்து, பக்கத்து இருக்கைக்கு நேர் எதிரே டேஷ்போர்டில் மட்டம் பார்த்து ஒட்டினாள். முட்டையின் மேல் பேனாவால் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். அதைக் கிண்ணத்தில் உட்காரவைத்தாள்.

"சாயங்காலம் இது கீறல் இல்லாம வந்தா, மறுநாள் நீங்க ஓட்டலாம். கீறல் விழுந்தா சாவி."

அண்ணன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "டேய், கோழியை நம்பியா உன் பொழைப்பு!"

முதல் வாரம் நான் முட்டையை அவித்து வைத்தேன். அவள் அதை மேஜை மேல் சுழற்றிவிட்டாள். பச்சை முட்டை குடிகாரன் மாதிரி தள்ளாடுமாம், அவித்தது பம்பரம் மாதிரி நிற்குமாம். நின்றது. இரண்டாவது வாரம் கிண்ணத்தில் பஞ்சு வைத்தேன். ஒரு இழை முட்டையில் ஒட்டியிருந்ததைச் சின்ன இடுக்கியால் எடுத்துக் காட்டினாள். மூன்றாவது வாரம் அவள் கையெழுத்தையே பழகினேன். நாலு முட்டையில் சரியாக வரவில்லை, அவற்றை என் மனைவி பொரித்துவிட்டாள். ஐந்தாவது அசலைவிட நன்றாக வந்தது. என் மகள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என் கையெழுத்து எப்போப்பா இவ்வளவு அழகாச்சு?" என்று கேட்டாள்.

வேறு வழியில்லாமல் நான் ஒழுங்காக ஓட்ட ஆரம்பித்தேன்.

அடிவாரத்திலேயே டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவேன். முதல் கியர். நாலு சக்கரத்தையும் ஒரே வண்டியின் சக்கரம் என்று நினைப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கல் மேல் ஏற்றி, தனித்தனியாக இறக்கினேன். ஸ்பீடோமீட்டர் முள் ஆற்றுக்குள் அசைந்ததே இல்லை. ஐந்தாவது மாதம் ஒரு சிலந்தி எப்படியோ கண்ணாடிக்குள் நுழைந்து, முள்ளுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் வலை கட்டிக் குடியேறியது. ஏழாவது மாதம் ஓர் ஆமை எங்களை முந்திப் போனது. நாங்கள் மேலே போய்த் தண்ணீர் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே ஆமை எதிரே வந்தது. அன்று என்னோடு வண்டியில் இருந்த மழைக்காரர் அதை நேரத்தோடு பதிவேட்டில் எழுதியிருக்கிறார்.

மழைக்காரர் என்றால் வானிலை நிலைய அதிகாரி. நூற்றுப் பத்து கிலோ. அவர் மழை என்று சொன்னால் எங்கள் பேட்டையில் துணி துவைத்துக் காயப்போடுவார்கள். வெயில் என்று சொன்னால் குடை எடுப்பார்கள். ஒரு நாளும் ஏமாந்தது கிடையாது. எத்தனை பொய்த்தாலும் மத்தியானம் பன்னிரண்டு மணிச் செய்தியில் தன் அறிக்கையை வாசிப்பதைக் கேட்காமல் இருக்க மாட்டார். அவர் இறங்க வேண்டியிருந்தால் என் வண்டியில்தான் வருவார். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துப் பை வெடிக்காது. ஆள் இருக்கிறதா என்று அறிய இருக்கைக்கு அடியில் பாரம் பார்க்கிற தகடு ஒன்று உண்டு. மழைக்காரர் உட்கார்ந்தால் அது ஒரு முனகல் முனகும்.

பதினொன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பழுதான காற்றுமானியை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னோடு இறங்கிவந்தார். முந்தின வாரம் பெய்த மழை படுகையில் கற்களை இடம் மாற்றிப் போட்டிருந்தது. அந்த வாரம் முழுக்க வெயில் என்று அவர் சொல்லியிருந்ததால் பெய்த மழை அது.

"அது அதே ஆமைன்னு எப்படி சார் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"முகத்தைப் பார்த்தேனே."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்த நேரத்தில் முன்சக்கரம் ஒரு கல்லிலிருந்து நழுவியது. நழுவ ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், முட்டை!"

அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சீக்கிரம் அசையும் என்று நான் நினைத்ததில்லை. அவர் முட்டையைக் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். வண்டியின் வயிறு பாறை மேல் இறங்கியது. ணங்.

நான் நாக்கை உள்ளே இழுத்து, முகவாயைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு பைக்காகக் காத்திருந்தேன். பை வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்தேன். மழைக்காரர் கையைத் திறந்து காட்டினார். முட்டை சௌக்கியம். துடைத்துத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தோம்.

ஆனால் கீழே குனிந்து பார்த்தால், வண்டியின் அடித்தகடு கவிழ்த்த சட்டி போல உள்ளே குழிந்திருந்தது. என் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் டார்ச் அடித்து அந்தத் தகட்டைப் பார்ப்பாள். நேரே டமாரம் பட்டறைக்கு விட்டேன்.

டமாரம் மல்லாந்து படுத்து அடியில் ஊர்ந்துபோய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"உள்ளேயிருந்து தட்டினா நிமிந்துடும், அண்ணே."

"கழட்டி வெச்சுத் தட்டேன்."

"கழட்டினா திரும்ப மாட்டணும். இருக்கிற இடத்துலயே தட்டிட்டா அந்த வேலை மிச்சம்."

மழைக்காரர் இறங்க மறுத்துவிட்டார். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. "சாவியை மட்டும் ஒரு சுத்து திருகிவிட்டுட்டுப் போங்க. என் அறிக்கை வர்ற நேரம்." அந்த வண்டியில் சாவி போட்டால்தான் ரேடியோ பேசும். திருகிவிட்டேன். அவர் இருக்கையைப் பின்னால் முழுக்கச் சாய்த்து, காற்றுமானியைத் தரையில் வைத்துவிட்டு, நெஞ்சில் கை கோத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் டார்ச் பிடிக்க வண்டிக்கு அடியில் போனேன். மூளைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று என் மகள் எனக்குச் சொல்லியிருந்தாள் அல்லவா? இரண்டு இருக்கைக்கும் நடுவில், அடியில். டமாரத்தின் தலைக்கும் என் தலைக்கும் நேர் மேலே, சாவி போட்டதால் விழித்துக்கொண்டு. அது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முதல் அடி. தகடு அசையவில்லை. இரண்டாவது அடி. மேலே ரேடியோவில் ஒரு பெண், வானம் தெளிவாக இருக்கும் என்று வாசித்தாள். டமாரம் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு சுவர் வரிசையில் கடைசியாக நின்ற பெரிய பிள்ளையை எடுத்துவந்தான். அதைத் தூக்குவதற்கு முன் அவன் எச்சில் விழுங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது அடி.

ஆயிரம் தீக்குச்சியை ஒன்றாக உரசியது போல ஒரு நாற்றம். பட்டறையில் தொங்கிய அத்தனை சுத்தியலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. டமாரம் தன் கையிலிருந்ததை மரியாதையோடு பார்த்தான்.

"அண்ணே, மெதுவாத்தான் தட்டினேன்."

மேலேயிருந்து மழைக்காரரின் குரல் நிதானமாகக் கேட்டது. "இடி."

வெளியே வந்து பார்த்தோம். இரண்டு பையும் பிழிந்துபோட்ட தலையணை உறை போலத் தொங்கின. புருவம் வரை வெள்ளைத் தூள் அப்பிய மழைக்காரர், சாய்ந்தபடியே சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆறு. இடி. ஒரு முறை. மேகம் இல்லை. பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, அறிக்கையை மாற்றச் சொன்னார். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மழை பெய்தது. அவர் உத்தியோகத்தில் பலித்த ஒரே அறிக்கை அதுதான். இடி எதனால் என்று நாங்கள் யாரும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முட்டை, அவர் மடியில் சரிந்துகிடந்த பையின் பள்ளத்தில், கையெழுத்து மேலே தெரிய உட்கார்ந்திருந்தது. கீறல் இல்லை.

கிண்ணத்தைக் காணோம். தேடினோம். டமாரம்தான் மேலே காட்டினான். கூரைத் துணியைக் கிழித்துக்கொண்டு தகரத்தில் போய்ப் பதிந்திருந்தது. வெளியே ஏறிப் பார்த்தால் கூரை மேல் அதே அளவில் ஒரு வட்டமான புடைப்பு.

"சார் மட்டும் நிமிந்து உக்காந்திருந்தா, அண்ணே..." என்று ஆரம்பித்தான் டமாரம். முடிக்கவில்லை. தட்டாமல் விட்ட வேலை அவன் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"டமாரம் பட்டறையில. முட்டை பத்திரமா இருக்கு."

"முட்டையைப் பத்தி நான் கேக்கவே இல்லையே."

"அதான் முதல்லயே சொல்லிட்டேன்."

கால் மணி நேரத்தில் வந்தாள், டார்ச், அளவு நாடா, படிவம் சகிதம். மழைக்காரரின் கண்ணைத் திறந்து பார்த்தாள், காதருகே விரலைச் சொடுக்கினாள். அதன்பிறகுதான் வண்டி பக்கம் திரும்பினாள்.

"வெடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"வண்டிக்கு அடியில."

"வண்டி?"

"நின்னுட்டிருந்தது. நானே இல்லாத வண்டி, நிக்கிற வண்டி. இதுக்கு ஓட்டுறவன் எப்படிம்மா பொறுப்பாவான்?"

அவள் தரையில் படுத்து டார்ச் அடித்தாள்.

"இந்தத் தகட்டை எதுக்குத் தட்டினீங்க?"

"சும்மா."

"சும்மாவா?"

"காலையில ஒரு கல்லு."

"அப்போ முட்டை எங்க இருந்தது?"

மழைக்காரர் வகுப்பில் பிள்ளை கை தூக்குவது போல உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்.

அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். என் பக்கம் திட்டு வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். வரவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையை நிமிர்த்தி, அதில் ஏறி நேராக உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டாள். டேஷ்போர்டில் பை கிழித்துக்கொண்டு வந்த மூடியின் மேல் ஒட்டுப்பட்டை இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. நாடாவின் ஒரு நுனியை அங்கே வைத்தாள். மறு நுனியைக் கூரையில் பதிந்த கிண்ணத்துக்கு நீட்டினாள். நாடா அவள் நெற்றியை உரசிக்கொண்டு போனது.

நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பை வெளியே வர்ற மூடி மேலயே ஒட்டியிருக்கேன்" என்றாள். "எவன் வண்டியைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான் கேப்பேன். டேஷ்போர்டு மேல என்ன வெச்சிருந்தீங்க?"

"மட்டம் பார்த்துதானேம்மா ஒட்டின."

அவள் சிரிக்கவில்லை. படிவத்தை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். சொந்த அப்பாவின் வண்டியை அவள் பார்க்கக் கூடாது என்பது அலுவலக விதி. அந்தப் படிவம் யாருக்கும் போகப் போவதில்லை. ஆனாலும் எழுதினாள். முன்பலகையில் வைத்திருந்த பொருள்: எவர்சில்வர் கிண்ணம், முட்டை ஒன்று. வைத்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"அப்பான்னு எழுதிக்கோ. எனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டிருங்க" என்று சொல்லி, 'நான்' என்று எழுதினாள்.

பிறகு கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தேன்.

"பை மாத்தி வண்டி வரட்டும். அதுக்கப்புறம் யோசிச்சுச் சொல்றேன்."

வண்டி வர ஏழு வாரம் ஆயிற்று. முதல் நாள் நான் ஜன்னலோரம் போனதும், அண்ணன் தன் நாற்காலியை இரண்டு விரற்கடை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். "பதினேழு வருது" என்றார். வந்தது. இரண்டாவது வாரம் எனக்கும் பதினேழு தெரிந்தது. மூன்றாவது வாரம் பதினேழின் ஓட்டுநர் மாறிவிட்டார் என்று நான் சொன்னேன், அண்ணன் இல்லை என்றார், இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்தாவது வாரம் தெருவில் ஒரு பேருந்து கியர் மாற்றத் திணறியபோது என் கால் தரையில் கிளட்சை மிதித்தது. என் மனைவி பார்த்துவிட்டாள். நாற்காலியில் தூசி தட்டுவதை அவள் நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது.

"உனக்காவது முட்டை வெச்சா" என்றார் அண்ணன் ஒரு நாள், தெருவைப் பார்த்தபடியே. "என்கிட்ட கேட்டான், குடுத்துட்டேன். ஒரு முட்டைகூட வெக்கல."

என் மகள் அப்போது பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

வண்டி வந்தது. புதுப் பை, புதுக் கூரைத் துணி, நேரான அடித்தகடு. சிலந்தியைத் துடைத்துவிட்டிருந்தார்கள். கூரையின் புடைப்பை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் சாவி, ஒரு கையில் முட்டை. கையெழுத்து இருந்தது.

"கிண்ணம்?"

"கிண்ணம் வேண்டாம். நான் கையில வெச்சுக்கறேன். நானும் வரேன்."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா சாவி. பேச்சு பேச்சுதான்."

இருக்கையைப் பின்னால் தள்ளி, பெல்ட் போட்டு, முட்டையை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டாள். ஆயிரம் வண்டியின் முடிவைப் பார்த்தவள். ஆற்றுப்படுகையை அதுவரை பார்த்ததில்லை. அடிவாரத்தில் நான் காற்று இறக்கியபோது தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். முதல் கல்லில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. அவள் ஜன்னலில் ஆகாயம் மட்டும் தெரிந்தது.

"அப்பா."

"ம்."

"கல்லு."

"தெரியுது."

"பெரிய கல்லு."

"நம்மளைப் பார்த்து அதுவும் அப்படித்தான் பயப்படுது."

அன்று இடித்த பாறை வந்தது. அதன் தோளில் ஒரு சக்கரம், பக்கத்துக் கல்லில் ஒரு சக்கரம், வயிற்றுக்கும் பாறைக்கும் நடுவே மூன்று விரல். எண்ணிப் பத்து நிமிஷம். அவள் மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை. இறங்கியபோது வண்டி இறங்கியது எனக்கே தெரியவில்லை. ஆமையைக் காணோம். முன்னாலேயே போயிருக்கும்.

மேலே சமதரையில் வண்டியை நிறுத்தினேன். மழைக்காரர் வாசலில் நின்று, "இன்னிக்கு வெயில்தான், தைரியமா வாங்க" என்று வரவேற்றார்.

என் மகள் கையைத் திறந்தாள்.

முட்டை கூழாகியிருந்தது. மஞ்சள் கரு மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடி, பாதி காய்ந்தும் போயிருந்தது. ஓட்டில் அவள் கையெழுத்தின் பின்பாதி மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"எந்த இடத்துல குலுங்குச்சு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அவள் பொய் எழுதுகிறவள் அல்ல. "குலுங்கவே இல்லப்பா" என்றாள். "நான்தான் அழுத்திட்டேன்."

மழைக்காரர் தண்ணீர் கேனைச் சாய்த்து ஊற்ற, அவள் கையைக் கழுவினாள். துடைக்கத் துண்டு இல்லை, என் சட்டையில் துடைத்துக்கொண்டாள். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பேச்சு பேச்சுதான் அல்லவா? அவள் வந்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்தப் பாறையில இறங்கும்போது எப்படிப் போவீங்க?"

"ஏறின மாதிரியேதான். பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும், அவ்வளவுதான்."

"சரி, கிளம்புங்க. மெதுவா."

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் பெய்தது. என் மனைவி எங்கள் வீட்டு ஈரத்துணியை எல்லாம் அந்தக் காலி நாற்காலி மேல் காயப்போட்டிருந்தாள். அண்ணன் என் சட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பதினேழு வருது" என்றார். பேருந்தின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.